கடல் நுண்பாசி நஞ்சுகள்

கடல்நீரில் வாழும் ஒற்றைக்கல உயிரிகளான நுண்பாசிகளுள் சில இனங்கள் உண்டாக்கும் நச்சுப்பொருள்கள் இப்பெயர் பெறும். நீரை வடித்து உண்ணும் மட்டி, சிப்பி போன்றவற்றில் இவை சேர்ந்து மனிதரை அடைகின்றன. நஞ்சேறிய மட்டிக்கு நோய்க்குறி ஏதும் இராது. சுவையும் மணமும் மாறா. கொதிக்க வைத்தாலும், பொரித்தாலும், பனிக்கட்டியில் இட்டாலும் நஞ்சு முறிவதில்லை.

வகைகள்: நோய்க்குறியை வைத்து இவை பிரிக்கப்படுகின்றன. முடக்குவாத நஞ்சான சாக்சிடாக்சின் நரம்பின் சோடியம் வாயில்களை அடைத்துவிடும். உதடும் நாக்கும் மரத்து, கைகால் சோர்ந்து, கடுமையானால் மூச்சுத் தசைகள் நின்றுபோகும். மாற்று மருந்து கிடையாது. செயற்கைச் சுவாசமே உயிர் காக்கும். ஒக்கடாயிக் அமிலம் வயிற்றோட்டம் தரும். டோமோயிக் அமிலம் நினைவாற்றலைத் தாக்கும். 1987இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவுச் சிப்பிகளால் நூற்றுக்கு மேற்பட்டோர் நோயுற்றபோதுதான் அது வெளிப்பட்டது. சிகுவாடாக்சின் பவளப்பாறைப் பாசியில் தொடங்கி, அதை மேயும் சிறுமீன் வழியாகக் கலவாய், சீலா போன்ற பெருமீன்களில் திரளும். குளிர்ந்த பொருளைத் தொட்டால் சுடுவதுபோல் தோன்றுவது இதன் தனிக்குறி.

வரலாறு: 1793 ஜூனில் கப்பித்தான் ஜார்ஜ் வான்கூவரின் மாலுமிகள் வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் சிப்பி தின்று நோயுற்றனர், ஜான் கார்ட்டர் என்பவர் இறந்தார். 1927இல் சான் பிரான்சிஸ்கோவை அண்டிய பகுதியில் 102 பேர் நோயுற்று 6 பேர் மாண்டதைத் தொடர்ந்து, சோமர், மேயர் ஆகிய ஆய்வாளர்கள் 1937இல் நஞ்சின் ஊற்று நுண்பாசியே என்று நிறுவினர். சாக்சிடாக்சினின் வேதிக்கட்டமைப்பு 1975இல் தெளிவாயிற்று.

இலங்கைச் சான்று ஆமையைப் பற்றியது. ஆங்கிலேய ஆட்சியில் குடியேற்றச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், 1859இல் வெளியான தம் நூலில், 1840 ஒக்டோபரில் பாணந்துறையில் ஆமையிறைச்சி உண்ட 28 பேரில் 18 பேர் அன்றிரவே இறந்ததைப் பதிந்துள்ளார். ஆமை தானாக நஞ்சு சுரப்பதில்லை, அதன் இரையிலுள்ள பாசியிலிருந்தே பெறுகிறது என்பது பொதுவான கருத்து. ஈரலைக் காகத்துக்கு எறிந்து, அது தொடாவிட்டால் இறைச்சியை ஒதுக்குவது கரையோர வழக்கமாக இருந்தது.

தமிழகத்தில் கல்பாக்கத்துக்கு அருகேயுள்ள வாயலூரில் 1981இல் மட்டி உண்ட 85 பேர் மருத்துவமனை சேர்ந்தனர்; 3 பேர் இறந்தனர். கேரளத்து விழிஞ்ஞத்தில் 1997இல் கல்லுமக்காய் 7 உயிர்களைப் பறித்தது. 2016இல் மங்களூருக்கு அருகே உள்ளாலில் மீன்தலை வாங்கிச் சமைத்த நூற்றுக்கு மேற்பட்டோர் சிகுவாடாக்சினால் பாதிக்கப்பட்டனர். தலை, ஈரல், குடல் ஆகியவற்றில் அந்நஞ்சு மிகுதி. எனவே மீன்தலை இட்டுக் காய்ச்சும் யாழ்ப்பாணத்து ஒடியல் கூழுக்கும் இச்செய்தி பொருந்தும். பாறையில் பிடித்த பெருமீனின் தலை நெடுநேரம் கொதித்தாலும் நஞ்சு நஞ்சாகவே இருக்கும்.

நிறமாற்றம்: கடல் நிறம் மாறினாலே மீன் நஞ்சாகிவிட்டது என்பது தவறு. மன்னார் வளைகுடாவில் 2019 செப்டெம்பரில் நீரைப் பச்சையாக்கிய, பாம்பன் மீனவர் பூங்கோரை என்று அழைக்கும் நாக்டிலூக்கா என்ற நுண்ணுயிரி ஒட்சிசனைக் குறைத்தும் அமோனியாவைக் கூட்டியும் மீன்களைக் கொல்கிறது. மேற்சொன்ன நஞ்சு எதையும் சுரப்பதில்லை. மறுதலையாக, நீர் தெளிந்திருக்கும்போதும் மட்டியில் சாக்சிடாக்சின் இருக்கலாம்.

இன்றைய நிலை: ஒரு கிலோ சிப்பி இறைச்சியில் 800 மைக்ரோகிராம் சாக்சிடாக்சின் என்பதே பன்னாட்டு வரம்பு, ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாகும் சிப்பிகள் இவ்வரம்புக்கு உட்பட்டவை.