அந்த லிகண்ட் அப்பாவி இல்லை

பிளஸ் டூ வேதியியல்ல அணைவுச் சேர்மங்கள் பாடம் ஞாபகம் இருக்கா? நடுவுல ஒரு உலோகம், அதைச் சுத்தி லிகண்டுகள். நம்ம புத்தகத்துல அதுக்கு ஈனின்னு பேர். ஈனிக்கு ஒரு நிலையான மின்சுமை போட்டுட்டு, மிச்சத்தை உலோகத்தோட ஆக்சிஜனேற்ற எண்ணா எழுதிடுவோம். எனக்கு எப்பவுமே மார்க் வாங்கித் தந்த கணக்கு அது. சில சேர்மங்கள்ல அது செல்லாதுன்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது.

சிக்கல் 1960களில் ஆரம்பிக்குது. 1962ல ஷ்ராட்சரும் மைவெக்கும் ஒரு நிக்கல் சேர்மத்தை வெளியிட்டாங்க. அதுல டைதயோலீன்ங்கிற கந்தக ஈனி ரெண்டு. ஈனி ஒவ்வொண்ணும் மைனஸ் 2ன்னா நிக்கல் பிளஸ் 4. ஈனிக்குச் சுமையே இல்லன்னா நிக்கல் பூஜ்யம். எது சரி? இன்னைக்கு ஏத்துக்கிட்ட பதில் நடுவுல இருக்கு: நிக்கல் பிளஸ் 2, ஈனிகள் ஆளுக்கு மைனஸ் 1. அதாவது ஈனியும் எலக்ட்ரான் கொடுக்கல் வாங்கல் பண்ணுது. 1966ல யோர்கன்சன் என்ற டென்மார்க் வேதியியலாளர், கணக்கைக் குழப்பாத ஈனிகளுக்கு அப்பாவின்னு பேர் வச்சார். குழப்புறவை அப்பாவி இல்லாதவை ஆயிடுச்சு.

குற்றவாளி மாதிரி பேர் வாங்கினாலும், இயற்கை இதை எப்பவோ பயன்படுத்திடுச்சு. சில பூஞ்சைகள்ல இருக்கிற கேலக்டோஸ் ஆக்சிடேஸ் நொதி, ஆல்கஹாலை ஆல்டிஹைடா மாத்தும். அதுக்கு ரெண்டு எலக்ட்ரானை எடுக்கணும். ஒண்ணைத் தாமிரம் வாங்கிக்கும். இன்னொண்ணை அதோட ஒட்டியிருக்கிற டைரோசின் வாங்கிக்கும்.

இதுல நமக்கு என்ன? பல வினைகள்ல எலக்ட்ரான்கள் ரெண்டு ரெண்டா நகரணும். பல்லேடியம், ரோடியம் அதை லாவகமா செய்யும். ஆனா அரிதானவை, விலையும் அதிகம். இரும்பு தாராளமா கிடைக்கும், ஆனா பெரும்பாலும் ஒத்தை எலக்ட்ரானாத்தான் நகர்த்தும். 2006ல, அப்போ கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்த பால் சிரிக் குழு, இரும்போட பிரிடின் டைஇமின் ஈனியைச் சேர்த்து, ஒரே மூலக்கூறுல இருக்கிற ரெண்டு இரட்டைப் பிணைப்புகளை இணைச்சு நாலு கார்பன் வளையம் ஆக்கினாங்க. தேவைப்படுற எலக்ட்ரானை ஈனி கைமாத்தா கொடுத்துத் திரும்ப வாங்கிக்குது. இரும்போட நிலை பெருசா மாறுறதில்லை.

எல்லாம் சுலபம்னு சொல்ல வரலை. இந்த இரும்புச் சேர்மங்கள் காத்து பட்டாலே கெட்டுடும், ஆக்சிஜன் இல்லாத பெட்டிக்குள்ள வச்சுத்தான் வேலை செய்யணும். ஆனாலும் நான் மார்க் வாங்கின அந்தக் கணக்குல, பாதி வேலை செஞ்சவங்களுக்குப் பேரே கிடைக்காம போயிருக்கு. கணக்கைத் திருத்தின பிறகுதான் இரும்புக்கே புது வேலை கிடைச்சுது.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.