சோழகமும் வாடையும்: கதிரியக்க முகில் எந்தப் பக்கத்தால் வரும்?

எங்கட தீவகத்தில் காற்றுக்குப் பெயர் இருக்கு. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரைக்கும் தென்மேற்கிலிருந்து அடிக்கிறது சோழகம். மாரியில் வடக்காலும் வடகிழக்காலும் வருகிறது வாடை. வரலாறு படிக்கிற நாங்கள் இந்த இரண்டு காற்றையும் பற்றி யோசிக்கத் தொடங்கினதுக்குக் காரணம் ஒரு வரைபடம்.

வேலணை சாட்டிக் கடற்கரையில் ஒரு புள்ளி வையுங்கோ. அங்கிருந்து கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு ஒரு கோடு கீறினால் சுமார் 290 கிலோமீற்றர் வரும். அந்தக் கோடு இராமேஸ்வரத்துக்கு மேலால் தென்மேற்காகப் போகும். கல்பாக்கத்துக்குக் கீறினால் சுமார் 325 கிலோமீற்றர், அநேகமாக நேர் வடக்கு. ஒண்டு சோழகம் வாற திசை, மற்றது வாடை வாற திசை.

"கடலுக்கு அங்கால, வேற நாட்டில, முந்நூறு கிலோமீற்றர். எங்களுக்கென்ன?" எண்டு கேட்கலாம். 1986 ஏப்ரல் 28 காலை வரை சுவீடன்காரரும் அப்படித்தான் இருந்தார்கள். அன்றைக்கு ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் வேலை செய்யும் ஒருவரின் சப்பாத்து சோதனைக் கருவியை அலற வைத்தது. முதலில் தங்கட உலையில்தான் கசிவு என்று நினைத்து ஆட்களை வெளியேற்றினார்கள். பிறகுதான் விளங்கியது, தூசு வெளியிலிருந்து வந்தது. செர்னோபிலின் நான்காவது உலை வெடித்து இரண்டு நாளாகியிருந்தது. இடைத்தூரம் ஏறத்தாழ 1,100 கிலோமீற்றர். அன்று இரவு 9 மணிச் செய்தியில்தான் மொஸ்கோ சில வசனங்களில் வாய் திறந்தது.

உலை ஏறக்குறைய பத்து நாள் கதிரியக்கப் பொருட்களைக் கக்கிக்கொண்டிருந்தது. வெடிப்பின் வெப்பம் முதல் புகையை ஒரு கிலோமீற்றருக்கும் மேலே தூக்கியது. அந்த உயரத்தில் காற்று வடமேற்காக ஓடியது, அதனால் சுவீடனும் பின்லாந்தும் முதலில் வாங்கிக்கொண்டன. பக்கத்திலேயே தெற்கில் இருந்த கியேவ் முதல் நாட்களில் தப்பியது. மாதக் கடைசியில் காற்று அந்தப் பக்கம் திரும்பியது. அப்படியிருந்தும் மே தின ஊர்வலம் நடந்தது, பிள்ளைகளும் நடந்தார்கள். (அதிகாரம் காற்றையும் தன் சொற்படி வீசும் என்று நினைக்கிறது போல.)

ஆனால் காற்று பாதிக் கதைதான், மற்றப் பாதி மழை. முகில் வறண்ட வானத்தால் போனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தூசு இறங்கும். மழை பெய்தால் அது முகிலைக் கழுவி, ஒரே இடத்தில் கொட்டிவிடும். செர்னோபிலிலிருந்து 200 கிலோமீற்றர் தள்ளி, பெலாரஸின் மொகிலேவுக்கும் ரஷ்யாவின் பிரியான்ஸ்க்குக்கும் இடையில் கடுமையாக மாசடைந்த ஒரு பெருந்திட்டு விழுந்தது இப்படித்தான். அங்கே ஏப்ரல் 28, 29 இல் மழை. அதைவிடக் கிட்ட இருந்த சில ஊர்களில் மாசு குறைவு. அணுவுலையைச் சுற்றி வட்டம் கீறி "இதுக்குள்ள ஆபத்து, வெளியில பாதுகாப்பு" எண்டு சொல்கிற பழக்கத்தை எங்களால் நம்ப முடியாததுக்குக் காரணம் இதுதான்.

விழுந்தது எவ்வளவு காலம் இருக்கும்? அயடீன்-131 இன் அரைவாழ்வுக் காலம் 8 நாள். குறைவுதான், ஆனால் புல்லில் விழுந்து, மாடு தின்று, பாலாகிப் பிள்ளையின் தைரொயிட் சுரப்பிக்குப் போக அந்த 8 நாள் காணும். செர்னோபிலுக்குப் பிறகு பெலாரஸ், உக்ரேன், ரஷ்யாவில் அந்த நேரம் பிள்ளைகளாக இருந்தவர்களில் 6,000 க்கும் மேற்பட்டோருக்குத் தைரொயிட் புற்றுநோய் வந்ததை ஐ.நா. விஞ்ஞானக் குழு பதிவு செய்திருக்கிறது. அதில் கணிசமான பங்குக்கு அந்தப் பாலே காரணம். சீசியம்-137 இன் அரைவாழ்வோ 30 வருடம். வேல்ஸ் மலைகளில் மழையோடு விழுந்த சீசியத்தால் செம்மறி ஆடு விற்கத் தடை போட்டார்கள். சில கிழமை எண்டுதான் முதலில் சொன்னது. கடைசித் தடை எடுபட்டது 2012 இல். களிமண் சீசியத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், வேல்ஸின் கரி மண்ணில் அந்தப் பிடி இல்லை. மணலிலும் பிடி குறைவு. சாட்டி முழுக்க மணல் எண்டதை இங்க நினைவில் வையுங்கோ.

ஃபுக்குஷிமாவில் 2011 மார்ச்சில் பெரும்பகுதி பசிபிக் சமுத்திரத்துக்கு மேலால் போனது அதிர்ஷ்டம். ஆனால் மார்ச் 15 அன்று காற்று வடமேற்குக்குத் திரும்பியது, மழையும் பனியும் சேர்ந்தன. கிட்டத்தட்ட 40 கிலோமீற்றர் தள்ளியிருந்த இட்டாத்தே கிராமம் அரசாங்கத்தின் 20 கிலோமீற்றர் வட்டத்துக்கு வெளியே இருந்தது. அகதிகளுக்குச் சோறு கொடுத்துக்கொண்டிருந்த ஊர் அது. அதையும் வெளியேற்ற வேண்டிய பகுதியாக அறிவித்தது ஏப்ரல் 22 இல். முகில் போகும் வழியைக் கணிக்கும் கணினி முறை ஜப்பானிடம் இருந்தது. அதன் கணிப்பு மக்களுக்கு நேரத்துக்குப் போகவில்லை. நமியே ஊர் ஆட்கள் ஓடி ஒளித்த இடமே முகிலின் பாதையாக இருந்தது.

இனி எங்கட கடலுக்கு வருவம். கூடங்குளத்தின் உலைகள் செர்னோபில் மாதிரியானவை அல்ல, தடித்த கொங்கிறீட் கூடு உள்ளவை. 2004 சுனாமியில் கல்பாக்கத்தின் பம்ப் அறைக்குள் கடல் புகுந்தபோதும் உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது. நாளைக்கு வெடிக்கும் எண்டு நாங்கள் சொல்லவில்லை. இடிந்தகரை மீனவப் பெண்கள் வருடக்கணக்காகக் கேட்டதுபோல, வெடித்தால் என்ன ஏற்பாடு எண்டுதான் கேட்கிறம்.

சோழக காலம் எங்களுக்கு வறண்ட காலம். கூடங்குளத்து முகில் வந்தால் பெரும்பாலும் தலைக்கு மேலால் கடக்கும், மூச்சோடு உள்ளே போவதுதான் முதல் ஆபத்து. வாடை அப்படியில்லை. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரைதான் எங்கட மழை. கல்பாக்கம் பக்கத்திலிருந்து ஏதும் வந்தால் மழையோடு இறங்கும். தீவகத்தில் ஆறு இல்லை. மணலுக்குள் இறங்கி நிற்கிற மழைதான் நல்லதண்ணி. சாட்டிக் கிணறுகளின் தண்ணி வேலணையைத் தாண்டியும் ஆட்களுக்குப் போகிறது.

2012 இல் அப்போதைய எரிசக்தி அமைச்சர் சம்பிக்க ரணவக்க கூடங்குளம் பற்றிக் கவலை தெரிவித்தார். கரையோரக் கடற்படை முகாம்களில் கதிர்வீச்சு அளக்கும் கருவிகள் வந்தன. 2015 பெப்ரவரியில் இந்தியாவோடு அணுசக்தி ஒத்துழைப்பு ஒப்பந்தமும் வந்தது. செர்னோபிலுக்குப் பிறகு, அதே 1986 இல் வியன்னாவில் எழுதிய முன்னறிவித்தல் உடன்படிக்கையில் இரண்டு நாடுகளும் இருக்கின்றன. அதன்படி அரசு அரசுக்குச் சொல்ல வேணும். கொழும்பிலிருந்து நெடுந்தீவுக்கு எந்த மொழியில், எத்தனை மணிக்குச் செய்தி வரும் என்பது அதில் இல்லை.

கிணற்றை மூடுவது, மழைத்தண்ணி பிடிக்காமல் விடுவது, மாட்டை மேய விடாமல் கட்டுவது, கதவைச் சாத்தி உள்ளே இருப்பது எல்லாம் சின்ன வேலைகள். ஆனால் முகில் வர முதல் செய்ய வேணும். மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் வாற காற்றுக்கு 290 கிலோமீற்றர் கடக்கப் பத்து மணித்தியாலம் காணும். வெளியேறத்தான் வேணும் எண்டால் நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகில்தான் வரவேணும். சோழகம் மூர்க்கமாக அடிக்கிற நாளில் அந்தப் படகு ஓடாது.