குளூட்டமேட்டு ஏற்பி ஆராய்ச்சியின் வரலாறு

செருமானிய வேதியியலறிஞர் ரித்தவுசன் 1866இல் கோதுமைப் புரதத்தினின்று குளூட்டமிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். சப்பானியப் பேராசிரியர் இக்கெடா 1908இல், கொம்பு என்னும் கடற்பாசியின் தனிச்சுவைக்குக் குளூட்டமேட்டே காரணமெனக் கண்டார். அடுக்களைக்கு உரியதாய் அறியப்பட்ட அப்பொருள் மூளையின் செய்தி கடத்தியும் ஆதல் நெடுங்காலம் ஐயத்திற்கு இடமாயிருந்தது. அவ்வையம் எழுந்தவாறும் நீங்கியவாறும் ஈண்டு ஆராய்வோம்.

1959இல் கான்பெராவில் கர்ட்டிசு, பிலிசு, வாட்கின்சு என்னும் மூவர், குளூட்டமேட்டு தண்டுவட நரம்பணுக்களைத் தூண்டுதலை வெளியிட்டனர். ஆயின், சோதித்த அணுக்களுள் பெரும்பாலனவற்றை அது தூண்டினமையின், செய்தி கடத்தி ஆதல் அரிதென்றே கருதினர். சோதனை பிழையன்று, அதற்குக் கொண்ட பொருளே பிழை. 1989இல் அயனிவழி ஏற்பியொன்றின் மரபணுவும், 1991இல் அணுவினுள் வேதிமாற்றம் விளைக்கும் ஏற்பியின் மரபணுவும் கண்டறியப்பட்டன. எங்கும் தூண்டியமைக்குக் காரணம் எங்கும் ஏற்பி இருந்தமையே.

இன்று இவ்வேற்பிகளைச் சாயமோ கதிரியக்கக் குறியோ இடாமல் ஆராயும் முறையும் உண்டு. அதற்கு வழிகோலியவர் யேவரும் கீசும் ஆவர். 1984இல் அவர்கள் பொன் மின்வாயின்மேல் உயிரணுக்களை வளர்த்து மின்மறிப்பை அளந்தனர். ஏற்பி கிளர்ந்து அணுவின் வடிவம் சிறிது திரியின், மின்மறிப்பும் மாறும். எனினும், அக்கருவி மாற்றத்தைக் காட்டுமேயன்றி அதன் காரணத்தைக் காட்டாது. தடைப்பொருள் இட்டும், அவ்வேற்பி இல்லா அணுவோடு ஒப்பிட்டும் நோக்கிய பின்னரே முடிவு கூறல் தகும். அன்று நேர்ந்த வழு புதிய கருவியாலும் நேர்தல் கூடும் என்பதே யாம் கண்ட முடிபு.