மறதியும் மலையகமும்: அல்சைமர் நோய் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

முதுமையிற் புத்தி தடுமாறுவதைத் தமிழர் அறியாதவரல்லர். யாழ்ப்பாணத்தார் இதனை 'அறளை பெயர்தல்' என்பர். பூண்டுலோயாப் பகுதித் தோட்டங்களிலோ, வயதாகிவிட்டது என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். இது முதுமையின் இயல்பேயன்றி நோயன்று என்னும் எண்ணமே இரண்டிற்கும் அடிப்படையாகும். மேனாட்டு மருத்துவமும் நெடுங்காலம் ஏறத்தாழ இவ்வாறே எண்ணியிருந்தது.

1901 நவம்பரில், ஜேர்மனியின் பிராங்க்போட் நகர மனநோய் வைத்தியசாலையில் ஓகுஸ்ற்ற டேற்றர் என்னும் 51 வயதுப் பெண் சேர்க்கப்பட்டாள். வைத்தியர் அலோய்ஸ் அல்சைமர் அவளது பெயர், கணவன் பெயர், இருக்கும் இடம் ஆகியவற்றை வினவி, விடைகளை எழுதிவைத்தார். தன் பெயரை எழுதுமாறு பணித்தபோது அவளால் அது முழுமையாக இயலவில்லை. 1906 ஏப்பிரலில் அவள் இறந்தபின் மூளையை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்த அவர், நரம்புக்கலங்களின் உள்ளே முறுக்குண்ட நார்களையும் வெளியே படிந்த திட்டுக்களையும் கண்டார். அவ்வாண்டு நவம்பர் 3ஆம் நாள் ரியூபிங்கன் நகரில் அவர் இதனை எடுத்துரைத்தபோது, அவையில் ஒருவரும் வினா எழுப்பவில்லை. 1910இல் கிறேப்பலின் தமது பாடநூலில் நோய்க்கு அல்சைமரின் பெயரைச் சூட்டினார். எனினும் அது நடுவயதினரைத் தாக்கும் அரிய நோயாகவே கருதப்பட்டது. முதியோரின் மறதியும் பெரும்பாலும் இதே நோய்தான் என்று றொபேட் கற்ஸ்மன் வலியுறுத்தியது 1976இலாகும். ஆகவே 'வயதுக் கோளாறு' என்று சொல்லும் தோட்டத் தொழிலாளியை அறியாதவர் என்று நாம் எள்ளுதல் முறையன்று.

ஈண்டு ஓர் இடர்ப்பாடு எழுகின்றது. மறதியை அளப்பதற்கு உலகெங்கும் வழங்கும் 30 புள்ளிச் சோதனை 1975இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. ஆண்டு யாது, பருவம் யாது, திகதி யாது என்று அது கேட்கும். 100இலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்லும். ஒரு வாக்கியம் எழுதச் சொல்லும். ஒருநாளும் பாடசாலைக்குப் போகாத மூதாட்டி இதில் தோற்பாளாயின், தோற்றது அவளது மூளையா, அவளுக்குக் கல்வி மறுத்த வரலாறா? தோட்டப் பிள்ளைகளின் கல்விக்குத் தோட்டத்துரைமாரைப் பொறுப்பாக்கிய சட்டம் 1920இலேயே இயற்றப்பட்டது. ஆனால் கொழுந்து பறிக்கும் வயது வந்ததும் எழுத்து நின்றுபோன வாழ்க்கையே பலருக்கு வாய்த்தது. வட இந்தியாவின் பல்லப்கர் கிராமங்களில் எழுத்தறியாதோருக்கெனவே இச்சோதனையை இந்தியில் மாற்றியமைத்து 1995இல் வெளியிட்டனர். இலங்கையில் றாகமையில் நடத்தப்பெற்று 2003இல் வெளியான ஆய்வு, 65 வயதுக்கு மேற்பட்டோரில் ஏறத்தாழ 4 வீதத்தினரிடம் மறதிநோயைக் கண்டது. அது நகரஞ்சார் பகுதி. அதன் அளவுகோலை லயத்துக்கு அப்படியே கொண்டுசெல்லல் ஆகாது.

மலையகத் தமிழரிடம் நினைவைச் சோதித்தவர்கள் வைத்தியர்கள் மட்டுமல்லர். 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம், 1946 சனவரிக்கு முன் ஏழு அல்லது பத்து ஆண்டுகள் இடையறாது இந்நாட்டில் வசித்தமையை எண்பிக்குமாறு கேட்டது. 8 இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பிக்கப்பட்டும், பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. பிறப்புச் சான்றிதழற்ற மக்களுக்கு நாள் தவறாத நினைவே ஆவணமாயிற்று. ஆதலால் இங்குள்ள முதியவரின் நினைவை அறிய விரும்புவோர் திகதியைக் கேளாது, 1964 ஒப்பந்தத்தின்பின் உறவினர் யார் யார் கப்பலேறினர், 1974 பஞ்சத்தில் என்ன உண்டனர், கொத்மலை அணை கட்டியபோது எங்கே வேலை செய்தனர் என்று வினவுதல் பயன் தரும். நோய் முற்றுமுன் அண்மைய செய்தியே முதலில் அழியும். பழையது நெடுநாள் நிற்கும். நேற்று ரொட்டி உண்டதை மறந்தவர், இளமையிற் கேட்ட கங்காணியின் குரலை நடித்துக் காட்டக்கூடும். இதைக் கண்டு, நினைவு நன்றாகத்தானே இருக்கிறது என்று குடும்பத்தார் ஏமாறுவதுண்டு.

காரணம் இன்னும் முழுமையாகத் துலங்கவில்லை. 1984இல் பிரித்தறியப்பட்ட அமிலொயிட் புரதமும், நார்களிலுள்ள தௌ புரதமும், 1993இல் அறியப்பட்ட ஏப்போ-ஈ4 மரபணு வகையும் ஆய்வாளரின் முதன்மைத் தடயங்கள். 2024இல் லான்செற் ஆணைக்குழு, மாற்றக்கூடிய 14 ஏதுக்களைக் கூறியது. உயர் குருதியமுக்கம், நீரிழிவு, செவிப்புலன் குறைவு, காற்று மாசு என்பவற்றோடு இளமைக் கல்விக் குறைவும் அதில் உண்டு. அங்ஙனமாயின், தோட்டப் பாடசாலையின் வரலாறு மூளையின் வரலாறுமாகும். புகைபோக்கியற்ற லயத்து அடுப்பையும் நாம் இங்கே எண்ணாதிருக்க இயலவில்லை.

பரிகாரத்தைப் பொறுத்தவரை, டொனெபெசில், மெமன்ரின் முதலிய மருந்துகள் சிலருக்கு அறிகுறிகளை ஓரளவு தணிப்பன. நோயை நிறுத்துவன அல்ல. 2023இல் அமெரிக்கா முழு அங்கீகாரம் வழங்கிய லெக்கனெமாப் தொடக்க நிலையில் தேய்வின் வேகத்தைச் சிறிது குறைக்கின்றது. ஆனால் நாளத்தின் வழியாக ஏற்றுதலும், மூளையில் வீக்கமோ குருதிக்கசிவோ உண்டா என அடிக்கடி படமெடுத்தலும் இன்றியமையாதன. பூண்டுலோயாவிலிருந்து நோக்கின் இது தொலைவான பொருளே. அண்மையிலுள்ளது வேறொன்று: தைரொயிட் குறைவு, உயிர்ச்சத்து பீ12 குறைவு, மனச்சோர்வு ஆகியனவும் மறதியாகத் தோன்றும், அவற்றை எளிய குருதிப் பரிசோதனையாலும் பொறுமையான விசாரணையாலும் கண்டறிந்து குணப்படுத்தல் கூடும். வயதாகிவிட்டது என்று விட்டுவிடும் வீட்டில் இவையும் கவனியாது போகின்றன.

பராமரிப்போ பெண்களின் தலையில் விழுகின்றது. காலையிற் பெரட்டுக்குப் போகும் மருமகள் கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விடலாம். வழி மறந்த மாமியாரை எங்கே விடுவது? செங்குத்தான மலைச்சரிவும், ஓயாவும், எரியும் அடுப்பும் சூழ்ந்த இடத்தில் கதவைப் பூட்டிவிட்டுச் செல்வோரைக் குறைகூற எமக்கு மனம் வரவில்லை. கொழும்பில் 2001இல் தோன்றிய லங்கா அல்சைமர் நிறுவனம் குடும்பத்தாருக்கு ஆலோசனை வழங்குகின்றது. பிள்ளைக்காம்பரா போன்றதொரு பகற்காப்பிடம் முதியோருக்கும் தோட்டந்தோறும் வேண்டும் என்பது எமது கருத்து. முன்னர் அப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாமாருட் சிலருக்கே இன்று அது தேவைப்படுகின்றது.