தொடுவதும் தேடுவதும்

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். கண்களை மூடிக்கொண்டு உங்கள் அறையிலுள்ள மின்விசிறியை இயக்குங்கள். சுவரைத் தடவிச் செல்லும் விரல் முதலில் சுவிட்ச் பலகையின் விளிம்பில் முட்டும். முதலாவது விளக்கு, இரண்டாவது மின்விசிறி என்று விரலே எண்ணிக்கொள்ளும். சுவிட்சின் மேல்பகுதி அமுங்கியிருக்கிறதா, கீழ்ப்பகுதி அமுங்கியிருக்கிறதா என்பதைக் கொண்டு அது எந்த நிலையில் உள்ளது என்பதும் தெரிந்துவிடும். வேகத்தை மாற்றும் குமிழைத் திருகினால் ஒவ்வொரு படிக்கும் ‘டக்’ என்று ஓசை கேட்கும். கண்ணின் உதவியே இல்லாமல் வேலை முடிந்துவிட்டது.

இனிச் சமையலறைக்கு வாருங்கள். இன்டக்‌ஷன் அடுப்பின் மின் இணைப்பை எடுத்துவிட்டு, அதன் முகப்பைத் தடவிப் பாருங்கள். எங்கும் ஒரே வழவழப்பு. எது இயக்கும் பொத்தான், எது வெப்பத்தைக் கூட்டுவது, எது குறைப்பது? விரலுக்கு எதுவும் தெரியாது. மின் இணைப்பு இருந்திருந்தால், தேடித் தடவிய அந்த ஒரு நொடியில் மூன்று நான்கு பொத்தான்கள் இயங்கியிருக்கும்!

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு என்ன? பழைய சுவிட்சில் தேடுவது ஒரு செயல், இயக்குவது வேறொரு செயல். தடவினால் சுவிட்ச் இயங்காது, அழுத்தினால்தான் இயங்கும். கண்ணாடி முகப்பிலோ தேடுவதும் இயக்குவதும் ஒன்றாகிவிட்டன. பார்வையுள்ளவருக்கு இது பெரிதாகத் தோன்றாது. அவர் தேடும் வேலையைக் கண்ணிடமும், இயக்கும் வேலையைக் கையிடமும் ஒப்படைத்துவிடுகிறார். பார்வையற்றவருக்கோ இரண்டையும் செய்ய வேண்டியது ஒரே விரல்தான். ‘ஸ்மார்ட் ஹோம்’ எனப்படும் திறன்மிகு இல்லம் பார்வையற்றோருக்கும் உரியதாக வேண்டுமானால், இவ்விரு செயல்களையும் மீண்டும் பிரித்தாக வேண்டும். அது எவ்வாறு நடந்தது, எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்பதை இங்குக் காண்போம்.

படுக்கையிலிருந்து விளக்கேற்றியவர்கள்

திறன்மிகு இல்லம் என்றதும் செல்வந்தர்களின் மாளிகைகள்தாம் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அதன் முன்னோடிகளுள் ஒன்று ஒரு மருத்துவமனையில் பிறந்தது. இங்கிலாந்திலுள்ள ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனை, முதுகுத்தண்டில் அடிபட்டுக் கைகால் செயலிழந்தோருக்குச் சிகிச்சை அளிப்பதில் பெயர்பெற்றது. 1960-ஆம் ஆண்டு வாக்கில் ரெஜ் மாலிங் என்பவர் அந்நோயாளிகளுக்காக ‘பாசம்’ என்னும் கருவியை உருவாக்கினார். நோயாளி வாயருகே உள்ள குழாயை மெல்ல ஊதினால் அல்லது உறிஞ்சினால் போதும். விளக்கு எரியும், மணி ஒலிக்கும், வானொலி பாடும். லத்தீன் மொழியில் ‘பாசம்’ என்பதற்கு ‘என்னால் முடியும்’ என்று பொருள். இதைவிடப் பொருத்தமான பெயர் அதற்கு அமைந்திருக்க முடியாது.

பொது மக்களின் வீடுகளுக்கு இத்தகைய வசதி ஸ்காட்லாந்திலிருந்து வந்தது. கிளென்ராத்தஸ் நகரிலிருந்த பிக்கோ எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1975-இல் எக்ஸ்-10 என்னும் முறையை உருவாக்கியது. 1978-இல் அக்கருவிகள் கடைகளுக்கு வந்தன. தனிக் கம்பி எதுவும் இழுக்காமல், வீட்டில் ஏற்கெனவே ஓடும் மின்கம்பியையே செய்தி அனுப்பும் பாதையாகவும் பயன்படுத்தியதே இதன் சிறப்பு. மாறுதிசை மின்னோட்டம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை சுழியைக் கடக்கிறது என்பதை நீங்கள் இயற்பியலில் படித்திருப்பீர்கள். அந்தக் கணத்தில் விநாடிக்கு 1,20,000 அதிர்வுகள் கொண்ட சிறு துடிப்பு ஒன்றைக் கம்பியில் செலுத்தினால் அது 1, செலுத்தாவிட்டால் 0. இப்படி 256 கருவிகளுக்குத் தனித்தனி முகவரி கொடுக்கலாம்.

இதன் கட்டுப்பாட்டுப் பெட்டியில் அசையும் பொத்தான்கள் இருந்தன. ஆகவே பார்வையற்ற ஒருவர் எந்தப் பொத்தான் எங்குள்ளது என்று ஒருமுறை கற்றுக்கொண்டால் தாமே இயக்க முடிந்தது. இந்த வசதி பார்வையற்றோரை எண்ணிச் செய்யப்பட்டதன்று. பொத்தானின் இயல்பால் தானாக அமைந்தது. தானாக அமைந்த ஒன்று, யாரும் கவனிக்காமலே தொலைந்தும் போகும் என்பதைப் பிற்கால வரலாறு காட்டியது.

பொறி பேசத் தொடங்கியது

இதற்கிடையே, வேறொரு பக்கத்திலிருந்து உதவி வந்துகொண்டிருந்தது. 1976 ஜனவரியில் அமெரிக்கரான ரே கர்ஸ்வைல், அச்சிட்ட பக்கத்தை உரக்கப் படிக்கும் பொறியை உலகுக்கு அறிமுகம் செய்தார். பக்கத்தை ஒளியால் வருடி, எழுத்துகளை அடையாளம் கண்டு, செயற்கைக் குரலில் சொற்களாக ஒலித்தது அது. புகழ்பெற்ற பார்வையற்ற பாடகர் ஸ்டீவி வொண்டர் அதனை முதலில் வாங்கியோருள் ஒருவர்.

பொறிக்குக் குரல் கிடைத்ததும், அக்குரலைக் கணிப்பொறித் திரைக்கும் கொடுக்கும் முயற்சி பிறந்தது. ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜிம் தாட்சர் 1980-களின் நடுவில் உருவாக்கிய மென்பொருளுக்கு ‘ஸ்கிரீன் ரீடர்’, அதாவது திரைவாசிப்பான், என்று பெயர். அக்காலத் திரையில் எழுத்துகள் மட்டுமே இருந்தன. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கணிப்பொறியின் நினைவகத்தில் இருக்கும். அவ்வெண்களை வரிசையாக எடுத்துக் குரலாக மாற்றுவது கடினமானாலும் இயலக்கூடியதாக இருந்தது.

பின்னர்ப் படங்கள் நிறைந்த திரை வந்தது. குப்பைத் தொட்டி, கோப்புறை, அம்புக்குறி என்று எல்லாமே ஓவியங்கள். நினைவகத்தில் இருந்தவை எழுத்துகள் அல்ல. வெறும் வண்ணப் புள்ளிகள். திரைவாசிப்பான் ஊமையாயிற்று. பல பார்வையற்றோர் தம் வேலையே பறிபோகுமோ என்று அஞ்சிய காலம் அது. 1989-இல் மெக்கின்டாஷ் கணிப்பொறிக்கு ‘அவுட்ஸ்போக்கன்’ என்ற திரைவாசிப்பான் வந்தது. விண்டோஸ் முறைக்கான ‘ஜாஸ்’ 1995-இல் வெளியாயிற்று. இதனை உருவாக்கிய டெட் ஹென்டர், மோட்டார் சைக்கிள் பந்தய வீரராக இருந்து விபத்தில் பார்வை இழந்தவர்.

இந்த நெருக்கடியிலிருந்து பிறந்த பாடம் மிக முக்கியமானது. புள்ளிகளைப் பார்த்து இது என்ன என்று ஊகிப்பதைவிட, திரையிலுள்ள ஒவ்வொரு பொருளும் தன்னைப் பற்றி மூன்று செய்திகளைத் தானே அறிவித்துவிட வேண்டும். ஒன்று, அதன் பெயர். இரண்டு, அதன் பணி. மூன்று, அதன் நிலை. ‘கூடத்து விளக்கு, சுவிட்ச், எரிகிறது’ என்று ஒரு படக்குறி அறிவித்தால், திரைவாசிப்பான் அதைச் சொல்லிவிடும். மென்பொருள் எழுதுபவர் பெயரைக் குறிக்காமல் விட்டுவிட்டால், பார்வையற்றவர் காதில் விழுவது ‘பொத்தான், பொத்தான், பொத்தான்’ என்பது மட்டுமே! இன்றும் வீட்டுக் கருவிகளுக்கான செயலிகளில் காணப்படும் பெருங்குறை இதுதான்.

கண்ணாடி வழிவிட்டது

2007-இல் ஐபோன் வந்தது. எண் பொத்தான்கள் மறைந்து, செல்பேசி முழுவதும் ஒரே கண்ணாடியாயிற்று. கண்ணாடியின் கீழுள்ள மெல்லிய மின்கடத்திகளை விரல் நெருங்கும்போது, அவ்விடத்தின் மின்தேக்குதிறன் சிறிது மாறுகிறது. சில்லு அதை உணர்ந்து செயல்படுகிறது. தேடி வந்த விரலா, இயக்க வந்த விரலா என்பது அதற்குத் தெரியாது. அந்த முதல் ஐபோனில் திரைவாசிப்பானும் இல்லை. பார்வையற்றோருக்கு அது மூடிய கதவாகவே இருந்தது.

2008-இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘ஸ்லைடு ரூல்’ என்ற மாதிரியை வெளியிட்டனர். 2009 ஜூனில் வந்த ஐபோன் 3ஜிஎஸ், ‘வாய்ஸ்ஓவர்’ என்ற திரைவாசிப்பானுடனேயே விற்பனைக்கு வந்தது. இவற்றின் அடிப்படைக் கருத்து வியப்பூட்டும் அளவுக்கு எளியது. ஒருமுறை தொட்டால், விரலின் கீழ் இருப்பது என்ன என்று குரல் சொல்லும், எதுவும் இயங்காது. வாய்ஸ்ஓவரில் இருமுறை தட்டினால்தான் இயங்கும். தேடுவதும் இயக்குவதும் மீண்டும் பிரிந்துவிட்டன! சுவிட்ச் பலகையில் நூறாண்டாக இருந்த வசதி, கண்ணாடிக்கும் கிடைத்தது.

இத்துறையில் நாம் பெருமையுடன் நினைவுகூர வேண்டியவர் டி.வி. ராமன். புணேயில் பிறந்து, பதினான்காம் வயதில் கண் அழுத்த நோயால் பார்வை இழந்தவர். மும்பை ஐ.ஐ.டி.யில் பயின்றபின், கணிதச் சமன்பாடுகளை ஒலிவடிவில் தரும் மென்பொருளை ஆராய்ந்து 1994-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். கூகுள் நிறுவனத்தில் அவர் வடிவமைத்த எண்பலகையைப் பாருங்கள். பொதுவாக 5 என்ற எண் எங்கே உள்ளது என்று விரல் தேடிப் போக வேண்டும். ராமன் இதைத் தலைகீழாக்கினார். கண்ணாடியில் விரல் எங்கு முதலில் படுகிறதோ, அந்த இடமே 5! அங்கிருந்து மேலே நகர்த்தினால் 2, கீழே 8, இடப்பக்கம் 4, வலப்பக்கம் 6. தேட வேண்டிய தேவையே இல்லாமற் போயிற்று. உங்கள் வீட்டில் பொத்தான் உள்ள தொலைபேசி இருந்தால், 5-ஆம் பொத்தானைத் தடவிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு சிறு புடைப்பு தட்டுப்படும். அப்புடைப்பு செய்த பணியைத்தான் ராமனின் மென்பொருளும் செய்தது.

சொன்னால் நடக்கும்

பேச்சைப் புரிந்துகொள்ளும் பொறியின் வரலாறும் நீண்டதே. 1952-இல் பெல் ஆய்வுக்கூடத்தின் ‘ஆட்ரி’ 0 முதல் 9 வரையிலான எண்களை மட்டும் அறிந்துகொண்டது. 2014 நவம்பரில் அமேசான் நிறுவனம் ‘எக்கோ’ என்ற பேசும் ஒலிபெருக்கியை வெளியிட்டது. ‘விளக்கை அணை’ என்றால் அணைந்தது, ‘மணி என்ன?’ என்றால் சொன்னது. பார்வையற்றோர் பலர் இதை ஆவலுடன் வரவேற்றனர். அவர்களுக்கென்று தனியே செய்த விலையுயர்ந்த கருவி அன்று இது. எல்லாரும் வாங்கும் கருவியையே அவர்களும் வாங்க முடிந்தது.

ஆயினும் குரல் எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. எக்கோ தான் கேட்டுக்கொண்டிருப்பதை நீல ஒளி வளையத்தாலும், ஒலிவாங்கி அணைக்கப்பட்டதைச் சிவப்பு ஒளியாலும் காட்டியது. காண முடியாதவருக்கு வண்ணத்தால் என்ன பயன்? ஒளியோடு ஓசையும் எழுப்பும் அமைப்பு அதற்குத் தேவைப்பட்டது. புதிய விளக்கையோ பூட்டையோ வீட்டு வலையில் இணைப்பதும் இத்தகைய சிக்கலே. 2022 அக்டோபரில் வெளியான ‘மேட்டர்’ என்னும் பொதுத்தரம், வெவ்வேறு நிறுவனக் கருவிகளை ஒன்றோடொன்று பேச வைத்தது, நல்ல முன்னேற்றம்தான். ஆனால் அதன்படி ஒரு கருவியை இணைக்கப் பொதுவாக ஒரு க்யூஆர் குறியையோ 11 இலக்க எண்ணையோ படிக்க வேண்டும். அது சிறிய வில்லையில், தடவினால் தெரியாத வழவழப்பான அச்சில் இருந்தால்? வீட்டுக்குள் நுழையும் முன்பே, வாசலில் ஒருவரைத் துணைக்கு அழைக்க வேண்டியதாகிறது.

நிலையை அறிவதோ இன்னும் முக்கியமானது. ‘அடுப்பை அணை’ என்று சொல்வது பாதி வேலை; அணைந்துவிட்டது என்று அறிவது மறுபாதி. இணையம் துண்டிக்கப்பட்ட வேளையில் குரல் உதவியாளர் பதில் பேசாது போனால், பூட்டு பூட்டியிருக்கிறதா என்பது எப்படித் தெரியும்? இது வசதிக் குறைவு மட்டும் அன்று. உயிருக்கும் உடைமைக்கும் உரிய பாதுகாப்பு பற்றியது. பழைய சுவிட்ச் தன் நிலையை இணையம் இல்லாமலே விரலுக்குச் சொன்னது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

சட்டமும் நாமும்

2006-இல் ஐக்கிய நாடுகள் அவை மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கையை ஏற்றது. இந்தியாவின் 2016-ஆம் ஆண்டுச் சட்டம், அன்றாடப் பயன்பாட்டுப் பொருள்கள் எல்லாருக்கும் ஏற்ற வடிவமைப்பில் உருவாவதை அரசு ஊக்குவிக்க வேண்டும் என்கிறது. ஐரோப்பாவில் 2025 ஜூன் 28 முதல், புதிதாக விற்கப்படும் கணிப்பொறி, செல்பேசி, பணம் வழங்கும் எந்திரம் முதலியவை மாற்றுத்திறனாளிகளும் கையாளத்தக்கனவாக இருப்பது சட்டப்படி கட்டாயமாயிற்று. ஆனால் துணி துவைக்கும் எந்திரமும் மின்னடுப்பும் அப்பட்டியலில் இல்லை. நாள்தோறும் கைபடும் பொருள்களே விடுபட்டுப் போயின!

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுப்பின் முகப்பில் சிறு புடைப்பு வில்லைகளை ஒட்டிக்கொள்வது பார்வையற்றோர் பல நாடுகளில் கையாளும் வழி. கல் பதித்த ஸ்டிக்கர் பொட்டு ஒன்றுகூட இதற்குப் போதும். தொடு உணர் பகுதியின் மேலேயே ஒட்டாமல், சற்று அருகில் ஒட்ட வேண்டும். அப்போதுதான் தேடும் விரல் அடுப்பை இயக்கிவிடாது.

இதைப் படிக்கும் மாணவர்களுள் சிலர் நாளை பொறியாளர்களாகவும் மென்பொருள் எழுதுவோராகவும் ஆவீர்கள். ஒரு கருவியை வடிவமைக்கும்போதும் வாங்கும்போதும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். கண்ணின் உதவியின்றி இதன் பொத்தான்களைத் தேடிக் கண்டுபிடிக்க முடியுமா? தேடும்போது அது தானே இயங்காமல் இருக்குமா? இயங்கியபின் தன் நிலையை அது சொல்லுமா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்று விடை தரும் கருவி, இருட்டில் எழுந்து தண்ணீர் தேடுபவருக்கும், மூக்குக் கண்ணாடியை எங்கோ வைத்துவிட்ட பாட்டிக்கும் சேர்த்தே உதவும்.