கலவரம்: ஒரு பத்திரிகைச் சொல்லின் வரலாறு

கொழும்பில் ஒருவர் "கலவரத்துக்கு முந்தி" எண்டு கதையைத் தொடங்கினால், எந்தக் கலவரம் என்று கேட்கத் தேவையில்லை. அவர் எந்த ஊர் என்று தெரிந்தால் போதும். வெள்ளவத்தைத் தமிழருக்கு அது 1983. தர்கா நகரத்தாருக்கு 2014. கம்பளைப் பக்கம் வேர் உள்ள எங்கட பழைய குடும்பங்களுக்கு 1915.

வீட்டுப் பேச்சில் கலவரம் என்பது மனசுக்குள்ளே நடப்பது. பிள்ளை நேரத்துக்கு வீடு வராவிட்டால் உம்மாவின் முகத்தில் தெரிவது. ஆங்கிலத்தின் 'ரயட்'டுக்கும் சிங்களத்தின் 'கோலாஹலய'வுக்கும் ஈடாகப் பத்திரிகைத் தமிழ் இதை எடுத்துக்கொண்டது. (அந்தக் 'கோலாஹல'தான் தமிழில் 'கோலாகலம்' ஆகி, பெருநாள் செய்திகளில் இன்றும் சிரித்துக்கொண்டிருக்கிறது.) செய்திகளில் கலவரம் மூளும், வெடிக்கும், பரவும், ஓயும். காட்டுத்தீயைப் போல. அதை யார் செய்தார் என்று சொல்ல அந்த வாக்கியத்தில் இடமே இல்லை.

இச்சொல் ஓரளவுக்குப் பொருந்திய இடம் கொட்டாஞ்சேனை. 1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறு. மிகெட்டுவத்தே குணானந்த தேரரின் விகாரையை நோக்கி வந்த பெரஹராவைக் கத்தோலிக்கர்கள் வழிமறித்தார்கள். இரு தரப்பும் தெருவில் மோதின. நீதி கேட்டு ஒல்கொட் 1884இல் லண்டன் போனார். மறு வருடம் வெசாக் விடுமுறை கிடைத்தது. இதைக் கலவரம் என்பதில் எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை.

ஆனால் 1983 ஜூலை 25இல் வெள்ளவத்தையில் மோதியது எந்த இரு தரப்பு? வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு வீடு தேடி வந்தவர்கள் ஒரு பக்கம். மதில் பாய்ந்து ஓடியவர்கள் மறு பக்கம். சர்வதேச சட்டவல்லுநர் ஆணைக்குழுவுக்காக போல் சீகார்ட் 1984இல் எழுதிய அறிக்கை, இது திட்டமிட்டு நடந்தது என்றது. வெலிக்கடைச் சிறையில் அந்த வாரம் இரு நாட்களில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். அதையும் 'சிறைக் கலவரம்' என்று எழுதியவர்கள் உண்டு. தமிழ் எழுத்தாளர்களும் பத்திரிகைகளும் விடவில்லை. 'கறுப்பு ஜூலை' என்றார்கள், 'வெலிக்கடைப் படுகொலை' என்றார்கள். சொல்லிச் சொல்லியே அந்தப் பெயர்களை நிலைநாட்டினார்கள்.

எங்கட பக்கம் அப்படி நடக்கவில்லை. 2014 ஜூன் 15 அளுத்கம, 2018 மார்ச் திகன: இரண்டையும் நாமே கலவரம் என்கிறோம். செய்திகளில் 'அமைதியின்மை', 'பதற்ற நிலை' என்று இன்னும் தணிந்த சொற்களும் வந்தன. கடையை எரித்தவர்கள் 'இனந்தெரியாதோர்'. இனமே தெரியாதென்றால் பிறகு எப்படி அது இனக்கலவரம் ஆனது என்று எந்த உதவி ஆசிரியரும் கேட்டதாகத் தெரியவில்லை!

இந்த வழக்கத்தின் தொடக்கத்தை 1915இல்தான் தேட வேண்டும். கம்பளைப் பள்ளிவாசலைக் கடந்து பெரஹரா மேளத்தோடு போகலாமா என்ற வழக்கில், 1914இல் கண்டி மாவட்ட நீதிமன்றம் தேவாலயத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. மே மாத இறுதியில் கண்டியில் தொடங்கிய தாக்குதல் சில நாட்களில் கொழும்பை எட்டியது. அரசாங்கக் கணக்கின்படி 25 முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். 17 பள்ளிவாசல்கள் எரிக்கப்பட்டன, 86 சேதமாக்கப்பட்டன. 4,000க்கு மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டன.

பின்னர் வந்த இராணுவச் சட்டம் கொடூரமானது, குற்றமற்றவர்களும் சுடப்பட்டார்கள். ஜூலை 7இல் மரண தண்டனைக்குள்ளான ஹென்றி பேதிரிஸின் பெயரில் வெள்ளவத்தைக்குப் பக்கத்திலேயே, ஹெவ்லொக் டவுனில், மைதானம் இருக்கிறது. அது நியாயமே. ஆனால் கதை முழுவதும் அந்தப் பக்கமே சாய்ந்துவிட்டது. பொன்னம்பலம் இராமநாதன் 1916இல் லண்டனில் வெளியிட்ட நூலின் பெயரே 'கலவரங்களும் இராணுவச் சட்டமும்' என்ற பொருள் தருவது. அவரது வாதத்தின் பாரம் இரண்டாவது பாதியில்தான். 1915ஐப் பற்றிப் பத்திரிகைகளில் வரும் நினைவுக் கட்டுரைகள் இன்றைக்கும் பெரும்பாலும் சிறை சென்ற சிங்களத் தலைவர்களைப் பற்றியவை. அந்த 25 பேரின் பெயரை அவற்றில் நான் கண்டதில்லை.

நாமும் எழுதும்போது 'சிங்கள–முஸ்லிம் கலவரம்' என்றே எழுதுகிறோம். நடுவிலுள்ள சின்னக் கோடு இரு பக்கத்தையும் தராசுத் தட்டுப் போலச் சமமாக நிறுத்திவிடுகிறது. எரிந்த பதினேழு பள்ளிவாசல்களும் ஒரே தட்டில்தான் இருந்தன.