நோயாளியின் குருதியிலிருந்து நரம்பணு வரை: இந்தியாவில் மரபுவழித் தள்ளாட்டநோய் ஆய்வு

மரபுவழி நரம்புச் சிதைவு நோய்களை ஆராய்வோர் நெடுங்காலம் ஓர் இடர்ப்பாட்டை எதிர்கொண்டனர். உயிருடன் உள்ள நோயாளியின் மூளைத்திசுவை ஆய்வுக்கென எடுத்தல் இயலாது; இறந்தபின் கிடைக்கும் மூளையோ அழிவின் இறுதிநிலையை மட்டுமே காட்டும். சின்யா யமனாக்கா குழுவினர் 2006இல் எலியின் உடலணுக்களையும் 2007இல் மனித உடலணுக்களையும் நான்கு மரபணுக்களின் துணையால் குருத்தணு நிலைக்குத் திருப்பிய பின்னரே இத்தடை தளர்ந்தது. 2008இல் அமெரிக்காவில், மரபுவழி இயக்க நரம்பணு நோயுற்ற 82 வயது மூதாட்டியின் தோலிலிருந்து குருத்தணுக்களும், அவற்றிலிருந்து இயக்க நரம்பணுக்களும் பெறப்பட்டன.

இந்தியாவில் இம்முறையின் தேவையை எஸ்.சி.ஏ.12 எனும் தள்ளாட்டநோய் நன்கு உணர்த்துகிறது. கைநடுக்கத்தில் தொடங்கும் இந்நோய், 1999இல் ஜெர்மானிய வழிவந்த அமெரிக்கக் குடும்பம் ஒன்றில் முதலில் இனங்காணப்பட்டது. ஆயின் 2001 முதல் வெளிவந்த ஆய்வுகள், உலகில் அரிதான இந்நோய் வட இந்தியாவில் கணிசமாக உள்ளதை நிறுவின. பிறநாட்டு அணுக்களை நம்பி ஆராயத்தக்க நோயன்று இது. மேலும், இங்கு மிகையாக நீளும் சி.ஏ.ஜி. தொடர், மரபணுவில் புரதமாக மாறாத பகுதியில் அமைந்துள்ளது. எனவே திரிந்த புரதமே நச்சு என்னும் வழக்கமான விளக்கம் இதற்கு நேரடியாகப் பொருந்தாது. தில்லி மரபணுவியல் மற்றும் ஒருங்கிணைந்த உயிரியல் நிறுவனத்தைச் சார்ந்த முகமது பாரூக் குழுவினர், மூன்று நோயாளிகளிடமிருந்து உருவாக்கிய குருத்தணு வரிசைகளை 2018இல் வெளியிட்டனர்.

தமிழ்நாட்டின் நிலை வேறு. 2005இல் ‘நியூராலஜி இந்தியா’ இதழில் வந்த கட்டுரை, தமிழ்ச் சமூகம் ஒன்றில் எஸ்.சி.ஏ.1 மிகுந்திருத்தலைப் பதிவுசெய்தது. உறவுத் திருமணத்தையே இத்தகைய நோய்களுக்குக் காரணமாகக் கூறுதல் பொதுவழக்கு. இந்நோய்க்கு அது பொருந்தாது. பெற்றோருள் ஒருவரிடம் பிறழ்ந்த மரபணு இருப்பினும் ஒவ்வொரு குழந்தைக்கும் பாதியளவு வாய்ப்புண்டு. தலைமுறைதோறும் தொடர் நீள்வதால் பிள்ளைகள் பெற்றோரினும் இளவயதில் நோயுறுவதும் உண்டு. தந்தைவழியில் இப்போக்கு மிகுதி.

எஸ்.சி.ஏ.1இன் மரபணு 1993இலேயே கண்டறியப்பட்டது. நோயாளிகளைக் கணக்கிடுவதற்கு மரபணுச் சோதனை போதும்; சிறுமூளை நரம்பணு ஏன் மடிகிறது என்பதற்கு அது விடை தராது. அவ்வினாவிற்கு வளரும் அணு வேண்டும். அதற்கான இசைவோ ஒருமுறை குருதி தருதலினும் பாரதூரமானது. ஆய்வகத்தில் அணு வரிசை நோயாளியின் ஆயுளுக்குப் பின்னும் பெருகும்; அவருடைய உடன்பிறந்தார், மக்கள் ஆகியோரின் மரபுச் செய்தியையும் தாங்கி நிற்கும். பெயருக்கு மாற்றாகக் குறியீட்டெண் இடுதல் நடைமுறை. ஒரு சிற்றூரின் சில குடும்பங்களுக்குள் மட்டும் நோய் காணப்படுமிடத்து, ஊர்ப்பெயரே அவ்வெண்ணை விளக்கிவிடும்.